காலண்டர் பிள்ளையின் கண்

மதுரையில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் நானும் கனகாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டு. எதிரே மூடிய கதவு. அதற்குள்ளே அவள் மகள் நிவேதாவை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து, கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

கனகா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. நிவேதாவுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. இடது கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி. கட்டியைக் கரைக்க நரம்பு வழியாக மருந்து ஏற்றி, கடைசித் தவணையும் முடிந்துவிட்டது. கண் தங்குமா, எடுத்துவிட வேண்டியதுதானா என்று அன்றைக்குச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் மகன் காளிராஜ் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். மாமியார் அன்றைக்கு ஊரில் இல்லை, வீட்டில் விட்டு வர வேறு ஆளில்லை. ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் அவன் பாதம் பதிவதும் காய்வதுமாக இருந்தது. நல்ல வெயில் காலம்.

ஒரு நர்ஸ் வந்து கனகாவின் தோளைத் தொட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுப் போனார். பக்கத்திலேயே நானும் விடிகாலை பஸ்ஸில் இருந்து பட்டினியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

எதற்கெடுத்தாலும் அவள்

அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் இதே பத்தியில் எழுதியிருந்தேன், அதைப் படித்துவிட்டு, என் நாத்தனார் மகள் போன் போட்டாள். "அத்தை, கனகா அத்தையைப் பத்தி ஒரு வரிகூட வரலையே?" என்றாள். வரும் என்றேன். கனகாவை ஒரு வரியில் எழுதி முடிக்க என்னால் ஆகாது.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுச் சில வருஷம் கழித்து வந்தவள் அவள். அவள் அப்பாவுக்குக் கிணறும் கொஞ்சம் பருத்திக் காடும் இருந்தன. என் அப்பாவுக்கு இரண்டு கைகள் இருந்தன. அவள் வந்து இறங்கிய அன்றைக்கே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து அறை அவளுக்கு என்று ஆயிற்று. நான் அத்தனை வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத அறை அது.

அவள் வைத்தால் ரசம் மணக்கும். நான் வைத்தால் புளிக்கும். அவளுக்குத் தலைமுடி இடுப்புக்குக் கீழே. எனக்கு எலி வால். தெருவில் போகிறவர்கள் கூட 'சின்ன மருமக எங்க?' என்று என்னிடமே கேட்பார்கள். ஏன், பெரிய மருமகள் எங்கே என்று ஒரு நாள் ஒருத்தர் கேட்டால் வாய் வலிக்குமா?

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைப்பேற்றில் மட்டும் நான் முந்திக்கொண்டேன். காளி பிறந்தான். ஆண் பிள்ளை, அதுவும் அந்த வீட்டின் முதல் பேரன். ஆறேழு மாதம் நான் தரையில் கால் வைக்காமல்தான் நடந்தேன். அப்புறம் நிவேதா பிறந்தாள். சுருட்டை முடியும் கன்னக் குழியுமாக, சிரித்துக்கொண்டே பிறந்தவள் போல இருந்தாள். என் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

குழந்தைப் படம்

திருத்தங்கல்லில் நான் வேலை பார்த்தது காலண்டர் அச்சடிக்கிற அச்சகம். எங்கள் ஊர்ப் பக்கம் புது வருஷம் ஆடி மாதமே பிறந்துவிடும். ஆடிப்பெருக்கன்று மாதிரிப் படங்கள் எல்லாம் சேர்ந்த ஆல்பம் வெளியாக வேண்டும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். சாமி படம், அருவிப் படம், குழந்தைப் படம் இந்த மூன்றும் எந்தக் காலத்திலும் விற்கும்.

நிவேதா பிறந்த பிறகு வந்த சித்திரையில் எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வெளியூரிலிருந்து படம் வாங்குவானேன், நம் தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகளையே எடுத்துப் போடுவோம் என்றார். நான் வீட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டேன். காளி முகம் ஊரெல்லாம் சுவரில் தொங்கப் போகிறது என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். கனகாவும் பிள்ளையைச் சிங்காரித்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள்.

போட்டோக்காரர் ஃப்ளாஷ் அடித்ததும் காளி வீறிட்டு அழுதான். மூக்கு ஒழுகியது. புதுச் சட்டையை ஈரமாக்கி வைத்தான். நிவேதா ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். யார் படம் தேர்வாகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு விட்டதா? மெஷினில் அந்தப் படத்தை ஓட்டியது, அதே அச்சகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர். அட்டையில் தினசரித் தாள் கட்டை வைத்துப் பின் அடிக்கிற பகுதியில் இருந்தது நான். சீசன் முழுக்க, காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை, கனகா மகளின் மோவாய்க்குக் கீழே தாள் கட்டை வைத்துப் பின் அடித்துக்கொண்டிருந்தேன். மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் எனக்கு அதற்கு முன்பு குமட்டியதே இல்லை. அந்த வருஷம் குமட்டியது.

கம்ப்யூட்டர் அறை

புரட்டாசி வாக்கில் ஒரு நாள், காளியின் போட்டோவையாவது கேட்டு வாங்கிப் போவோம் என்று கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். அங்கே சுந்தர் என்று ஒரு பையன் படங்களைத் திருத்தி அழகு பண்ணுவான். சாமிக்கு நகை கூட்டுவது, அருவியில் தண்ணீர் கூட்டுவது எல்லாம் அவன் வேலை. ஒரு கவரைத் தூக்கிக் கொடுத்து, இதில் தேடிக்கொள்ளுங்கள் என்றான்.

காளியின் படங்கள் பார்க்கிற மாதிரி இல்லை. அடியில் நிவேதாவின் படங்கள் கிடந்தன. அதில் என்ன குறை இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறை தேடித்தான் பார்த்தேன், அழகை ரசிக்க இல்லை.

இருந்தது. எல்லாப் படத்திலும் வலது கண் கறுப்பாக இருந்தது. இடது கண்ணின் கருவிழி நடுவில் மட்டும் வெள்ளையாக, சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வட்டம். ஆனால் நான் பின் அடித்த காலண்டரில் இரண்டு கண்ணும் ஒன்றுபோலக் கறுப்பாக இருந்தனவே!

சுந்தரிடம் கேட்டேன். "அது ஃப்ளாஷ் அடிச்சதுனால வர்றதுக்கா. பிள்ளைக படத்துல செவப்பா வரும், நாங்க கறுப்பாக்கிருவோம். இது வெள்ளையா வந்திருக்கு. நல்ல கண்ணைக் காப்பி எடுத்து இதுக்கு மேல ஒட்டிட்டேன். தெரியுதா பாருங்க?" என்றான். தெரியவில்லை. நல்ல வேலைக்காரன். வருகிற பிள்ளைகளின் கண்ணையெல்லாம் அப்படித் திருத்தித் திருத்தி அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. எங்கள் ஊரில் சுவரில் தொங்குகிற எந்த முகத்துக்கும் ஒரு மாசு இருக்காது.

எனக்குக் கிடைத்தது பொக்கிஷம். அந்தப் போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அடுப்படியில் எல்லோரும் இருக்கும்போது எடுத்து வைத்தேன். காலண்டர் பிள்ளையின் அழகைப் பாருங்கள், ஒரு கண் பூனைக்கண், கம்ப்யூட்டரில் மை பூசித்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்றேன். எத்தனை வருஷ எரிச்சல் அது. நாக்கில் தேனாக இறங்கியது.

கனகா போட்டோவைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. அப்புறம் போட்டாளே ஒரு சண்டை! தெருவே கூடிவிட்டது. கடைசியில் அவள் சொன்னது இதுதான்: "மதுரைக்குப் போயி, என் பிள்ளைக்கு நல்ல கண்ணுன்னு பெரிய டாக்டர்கிட்டயே எழுதி வாங்கிட்டு வந்து ஒங்க மூஞ்சியில எறியல, எம் பேரு கனகா இல்ல."

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

எழுதி வாங்கப் போனவள்

அவள் திரும்பி வந்தபோது என் மூஞ்சியில் எதையும் எறியவில்லை. யாரிடமும் பேசாமல் குழாயடியில் போய் உட்கார்ந்து பிள்ளையின் கால்களைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

கொழுந்தனார்தான் சொன்னார். அவர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். தீபாவளி லோடு ஏறுகிற நேரத்தில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போயிருந்தார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கிற திரையில் கட்டி வளர்ந்திருக்கிறதாம், வெளிச்சம் பட்டால் அதுதான் வெள்ளையாகத் தெரியுமாம். விட்டால் நரம்பு வழியாக மூளைக்கு ஏறி உயிரைக் குடித்துவிடுமாம். முற்றி வருகிற பிள்ளைகளுக்குக் கண்ணையே எடுத்துவிடுவார்களாம். இவளுக்குக் கட்டி இன்னும் சின்னதாம். மருந்து ஏற்றிச் சுருக்கி, மிச்சத்தை லேசரால் சுட்டு, கண்ணைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார்களாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம்.

எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் மாமியார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவ பாத்துப் பாத்து எரிஞ்சா, பிள்ளை கண்ணு அவிஞ்சு போச்சு என்றார். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறியது. கண் பட்டிருந்தால் கமறாதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் அந்தப் பிள்ளை இருக்கிற பக்கம் போகக் கூடாது. நான் வந்தால் அவள் முகத்தில் துணியைப் போட்டு மூடுவார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. பார்த்ததால் வந்த நோயா அது? வந்திருந்த நோயை நான் பார்த்தேன். நான் பார்க்காமல் இருந்திருந்தால் சுந்தர் ஒட்டிய கறுப்புக் கண்ணைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆத்திரத்துக்குள்ளே ஒரு பயமும் இருந்தது. ஒரே வீடு, ஒரே ரத்தம். காளிக்கும் இருந்தால்? அவனைத் தனியாகக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து தினமும் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் அடித்து அடித்துப் பார்ப்பேன். ஒரு நாள் வெள்ளையாகத் தெரியும், ஒரு நாள் தெரியாது. பைத்தியம் பிடிக்காத குறை.

மருந்து ஏறிய நாட்கள்

மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் தேடுவார்களாம். ஊருக்கு வந்தும் வாந்தி நிற்காது. வாயெல்லாம் புண். ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருக்கின்றன, காய்ச்சல் வரவே கூடாது, கூட்டத்தில் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். சுருட்டை முடி தலையணையோடு போனது.

அதே சமயத்தில் காலண்டர் ஊரெங்கும் போய்விட்டது. டீக்கடையில், சலூனில், ரேஷன் கடையில், எங்கே பார்த்தாலும் நிவேதா சுருட்டை முடியோடு இரண்டு கண்ணும் கறுகறுவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆப்பிளும் ரொட்டியுமாக வந்தார்கள். என் வீட்டுக்காரர் சம்பள நாளன்று பொம்மை வாங்கி வந்தார். காளி கையை நீட்டினான். அது பாப்பாவுக்கு என்று தம்பி அறைக்குக் கொண்டுபோனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணில் கட்டி வந்த பிள்ளையைப் பார்த்தா ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று கேட்பீர்கள். படுவாள். வயிறு அதையெல்லாம் யோசித்து எரிவதில்லை.

முதல் தவணை முடிந்து இரண்டாவதுக்குப் போகிற அன்றைக்குக் காலையில், கனகா என் அறை வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு அப்புறம் என்னோடு அவள் பேசியது அதுதான் முதல் தடவை. துணிப்பையை எடுத்துக்கொண்டு கூட வரச் சொன்னாள். நான் எதற்கு, என் கண் ஆகாதே என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "எனக்கு அவ எப்படி இருந்தாலும் அழகாத்தான் தெரியுதுக்கா. இருட்டுல அந்தக் கண்ணு மினுங்குனப்பக்கூட, எம் பிள்ளை கண்ணு எம்புட்டு ஜொலிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். நீங்க குறை தேடிப் பாத்தீக, தெரிஞ்சது. இனிமேயும் அப்படியே பாருங்க. பெத்தவ கண்ணுக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

இதைப் பாராட்டு என்று எடுப்பதா, செருப்படி என்று எடுப்பதா? யோசித்துக்கொண்டே புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் வாயைத் திறந்தார். கனகா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வொரு தவணைக்கும் நான் போனேன். அவள் மடியில் பிள்ளையை வைத்திருப்பாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உதடு காய்கிறதா, ஊசி போட்ட இடம் வீங்குகிறதா, இன்றைக்கு எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று. ஒரு தடவை கை லேசாகச் சிவந்ததை நான்தான் முதலில் சொன்னேன். நர்ஸ் ஓடி வந்து ஊசியை மாற்றினார்.

அந்த வராந்தாவில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஒரு அம்மா வருவாள். அவள் மகனுக்கு ஒரு கண்ணை எடுத்து, செயற்கைக் கண் வைத்திருந்தார்கள். நிவேதாவுக்குக் கண்ணை எடுக்காமல் பார்க்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, அவள் இந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியாத பார்வையா அது? என் முந்தானையை எடுத்து நிவேதாவின் தலையில் போட்டு மூடினேன். மூடிய பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவள் மகனுக்குக் கொடுத்தேன்.

கதவு திறந்தது

அந்தக் கடைசி நாளில் வெகு நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம்.

கட்டி சுருங்கி, காய்ந்து, சுண்ணாம்புக் கட்டியாக உறைந்து போயிருக்கிறது, கண்ணை எடுக்க வேண்டியதில்லை என்றார். ஆனால் வருஷக்கணக்கில் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், திரும்ப முளைத்தால் முளையிலேயே சுட வேண்டும். பார்வையைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொன்னார். கட்டி இருந்தது பார்வையின் நடு இடத்துக்குப் பக்கம். அந்தக் கண்ணுக்கு நேரே இருப்பது மங்கலாகத்தான் தெரியும், ஓரத்தில் கொஞ்சம் தெரியலாம். மீதி, வளர வளரத்தான் தெரியும்.

கனகா கும்பிட்டாள். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள். பிள்ளை மயக்கம் தெளிய இன்னும் நேரமாகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பெஞ்சில் மறுபடியும் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை முட்டியது. அவளுக்கு வரவில்லை. அவள் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

காளி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சுவரில் ஒரு சிற்றெறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அது போகிற வழியெல்லாம் விரல் நுனியால் தொடர்ந்து போனான். வெடிப்புக்குள் அது நுழைந்ததும் மூக்கை வைத்து உள்ளே பார்த்தான். அது வெளியே வந்ததும் சிரித்தான்.

"எம்புட்டுச் சின்ன எறும்பு" என்றாள் கனகா.

எறும்பு திரும்பியது, காளியின் விரலும் கூடவே திரும்பியது.

"எனக்கு வயிறு எரியுதுக்கா. ஒங்க மகனைப் பாத்தா வயிறு எரியுது. கண்ணு தங்குச்சேன்னு சந்தோசப்படணும், தெரியுது. முடியல" என்றாள்.

என் மேல் இவள் ஒரு நாளாவது பொறாமைப்பட வேண்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை. எனக்கு ஒரு நல்ல புடவை கிடைத்தபோது, என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் கூடியபோது, காளி பிறந்தபோது, ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றும் இருக்காது. இப்போது இருந்தது. முகம் முழுக்க இருந்தது.

என் கை தானாக நீண்டு காளியின் சட்டையைப் பிடித்தது. இழுத்து என் புடவைக்குப் பின்னால் மறைப்பதற்குத்தான். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். என் மாமியார் செய்தார், நானும் இதே வராந்தாவில் செய்திருக்கிறேன். சட்டையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

பிறகு அவனைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன்.

"பாரு. நல்லா எரிஞ்சுக்கிட்டே பாரு. டாக்டர் ஒண்ணுமில்லங்கிறாக, எனக்கு அடங்கல. தினமும் டார்ச் அடிச்சுப் பாக்கேன், ஒண்ணும் புரியல. நான் பெத்தவ, எனக்கும் அவன் அழகாத்தான் தெரியுறான்" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். காளியின் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, தன் வளையலை ஆட்டிக் காட்டினாள். அவன் எட்டிப் பிடித்தான். இடது கண்ணைப் பொத்தி ஆட்டினாள். அதையும் பிடித்தான். இமையை விரித்து, குனிந்து, மூச்சு அவன் முகத்தில் படுகிற அளவுக்குப் பக்கத்தில் பார்த்தாள். எங்காவது ஒரு புள்ளியாவது கிடைக்காதா என்று தேடுகிறவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் பார்த்தாள். அவசரப்படவில்லை.

பார்த்து முடித்து அவனைக் கீழே இறக்கிவிட்டாள்.

"ஒரு குறையும் இல்லக்கா" என்றாள்.

சொல்லும்போது அவள் குரல் கசந்தது. அந்தக் கசப்பு இருந்ததால்தான் நம்பினேன்.